பிறக்கும் முன்பே காக்க வேண்டிய கண்கள்



இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். படுவான்கரைக் கிராமம் ஒன்றில் விளக்கு வைக்கும் நேரம். ஏழு மாதக் கர்ப்பிணியான ஓர் இளம் பெண் கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு வருகின்றாள். பகலெல்லாம் நன்றாகத் தெரிந்த வாசற்படி இப்போது அவளுக்குத் தெரியவில்லை. கால் தட்டுகின்றது, சுவரைப் பிடித்துக்கொள்ளுகின்றாள். "வயிற்றில பிள்ளை இருக்கக்குள்ள இப்பிடித்தான் மகள். பெத்தெழும்பினால் சரியாப் போயிரும்" என்று மாமி ஆறுதல் சொல்லுகின்றார். மாமி சொல்வதில் ஓரளவு உண்மையும் உண்டு. பிள்ளை பிறந்தபின் பலருக்கு அந்தத் தடுமாற்றம் மறைந்துதான் போகின்றது. ஆனால் அந்த மாலை நேரத்துத் தடுமாற்றம் ஒரு செய்தியைச் சொல்லுகின்றது. தாயின் உடலில் கண்ணுக்கு வேண்டிய சத்து குறைந்துவிட்டது. பிறக்கப்போகும் பிள்ளையின் பங்கும் அதனோடு குறைகின்றது என்பதே அச்செய்தி.

பிள்ளையின் கண்ணைப் பற்றி நாம் எப்போது நினைக்கின்றோம்? பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை என்று ஆசிரியை சொல்லும்போது நினைக்கின்றோம். ஆனால், ஒரு பிள்ளை வாழ்நாள் முழுவதும் பார்வையின்றி இருக்குமா என்பது பெரும்பாலும் அதற்கு வெகு முன்னரே, அதாவது தாயின் கர்ப்ப காலத்திலும் பிள்ளை பிறந்த முதற் சில கிழமைகளிலும் தீர்மானமாகிவிடுகின்றது. ஆகவே பிள்ளையின் கண்ணைக் காக்கும் முதல் இடம் தாய்மாரின் கிளினிக் என்றே சொல்ல வேண்டும். இதுவே இன்றைய பாடம். கலியாணத்திலிருந்து பிள்ளையின் ஒன்பதாம் மாதம் வரை படிப்படியாக இதைப் பார்ப்போம்.

யார் செய்த பாவம்?

1999ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் கணித்தபடி உலகில் ஏறத்தாழ 14 இலட்சம் பிள்ளைகள் பார்வையற்றிருந்தனர். அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் வாழ்ந்த ஏழைப் பிள்ளைகள். இவர்களுள் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அந்த இழப்பைத் தடுத்திருக்கலாம், அல்லது காலத்தோடு மருத்துவம் செய்து திருத்தியிருக்கலாம் என்று கண்டார்கள்.

நமது ஊர்களில் பார்வையில்லாத பிள்ளை பிறந்தால் முதலில் தாயைத்தான் கேட்பார்கள். கிரகணத்தன்று வெளியில் போனாயா, எதைப் பார்த்துப் பயந்தாய், எந்தத் தோஷம் பிடித்தது என்று கேள்விகள் எழும். பிறவியிலேயே பார்வையற்றிருந்த மனிதனைக் கண்டு, இது யார் செய்த பாவம், இவனுடையதா பெற்றோருடையதா என்று சீடர்களும் கேட்டதை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் வாசித்திருக்கின்றோம். இருவர் மேலும் அந்தப் பழி அங்கே சுமத்தப்படவில்லை. ஆகவே, பழியை ஒருபுறம் வைத்துவிட்டுக் காரணத்தைத் தேடுவோம்.

காரணங்களுள் சில பரம்பரையாக வருபவை. எந்தத் தாயும் எவ்வளவு கவனமாயிருந்தாலும் தடுக்க முடியாதவை. அத்தகைய பிள்ளையைப் பெற்ற தாய் எந்தக் குற்றமும் செய்தவள் அல்லள். ஆனால் தடுக்கக்கூடியவை பல உண்டு. அவற்றையே கீழே சொல்லுகின்றோம்.

முதலாம் படி: கலியாணத்துக்கு முன்

1941ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நோர்மன் கிரெக் என்ற கண் வைத்தியர் ஒரு புதுமையைக் கவனித்தார். கண்மணியில் வெண்படலத்தோடு, அதாவது பிறவிக் கண்புரையோடு, கைக்குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராகக் கொண்டுவரப்பட்டார்கள். அவரும் மற்ற வைத்தியர்களும் கண்ட பிள்ளைகள் 78 பேர். தாய்மாரை விசாரித்தபோது பெரும்பாலானோர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் ஜேர்மன் சின்னமுத்து வந்தது என்பதே அது. றுபெல்லா என்று சொல்லப்படுவதும் இந்நோய்தான்.

வளர்ந்தவர்களுக்கு இது மிகச் சிறிய நோய். இலேசான காய்ச்சல், உடலில் சிவந்த பருக்கள், மூன்று நாளில் சுகம். சிலருக்கு வந்ததே தெரியாது. ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் தாய்க்கு இது வந்தால், பத்துப் பிள்ளைகளுள் எட்டு ஒன்பது பேர் பாதிக்கப்படக்கூடும். கண், காது, இருதயம் ஆகிய மூன்றும் உருவாகும் காலம் அது. ஒரே பிள்ளைக்கு இம்மூன்றும் கெடுவதும் உண்டு.

நமது நாடும் இந்தத் துயரத்தை அனுபவித்தது. 1994, 1995ஆம் ஆண்டுகளில் இலங்கையில் றுபெல்லா பரவியபோது நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இப்பாதிப்போடு பிறந்தார்கள். அதன்பின் 1996இல், பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களுக்கு றுபெல்லாத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 2001இல் சின்னமுத்துக்கும் றுபெல்லாவுக்கும் சேர்த்து மூன்று வயதில் ஓர் ஊசி வந்தது. 2011இல் கூவைக்கட்டையும் சேர்த்து மூன்று நோய்களுக்குமான ஊசி வந்தது. 2020இல், இலங்கையிலிருந்து சின்னமுத்தும் றுபெல்லாவும் ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஊசியும் ஊர்ஊராகச் சென்ற மருத்துவ மாதரும் சாதித்த காரியம் இது.

ஆனால் ஒழிந்த நோய் திரும்பி வராது என்பதில்லை. 2023இல் நாட்டில் சின்னமுத்து மீண்டும் பரவியதை மறந்துவிடக் கூடாது. எனவே கலியாணம் பேசும் வீட்டார் நகை, சீதனக் கணக்கோடு இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். மகளுக்கு றுபெல்லா ஊசி போட்டாயிற்றா? பழைய ஊசிக் காட்டைத் தேடி எடுங்கள். காட் இல்லையென்றால், சந்தேகம் என்றால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். இந்த ஊசியைக் கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை. போட்டபின் குறைந்தது ஒரு மாதமாவது கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். ஆகவேதான் கலியாணத்துக்கு முன்னரே இதை முடிக்கச் சொல்லுகின்றோம்.

இவ்விடத்தில் சொந்தத்துக்குள் கலியாணம் செய்வது பற்றியும் ஒரு வார்த்தை. மச்சான் மச்சாள் முறையில் கட்டுவது நமது பகுதியில் வெகு காலமாக உள்ள வழக்கம். உடன்பிறந்தோரின் பிள்ளைகள் தம்முள் மணம் முடிப்பதானால் திருச்சபைச் சட்டப்படி முன்கூட்டியே விலக்குப் பெற வேண்டும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். வைத்தியரும் இங்கே ஒரு காரணம் சொல்லுகின்றார். ஒரே பரம்பரையில் மறைந்து கிடக்கும் கண் நோய், தாய் வழியிலும் தந்தை வழியிலும் பிள்ளைக்கு வந்து சேரும்போது வெளிப்படுகின்றது. விழித்திரை மெல்ல மெல்லக் கெடும் நோய்கள் பலவும், பிறவியிலேயே கண்ணில் அழுத்தம் கூடும் நோயும் இப்படி வரக்கூடும். உங்கள் குடும்பத்தில் இளவயதிலேயே பார்வை இழந்தவர்கள் உண்டானால், பேச்சு முற்றாகுமுன் ஒரு கண் வைத்தியரிடம் ஆலோசனை கேட்பது நல்லது.

இரண்டாம் படி: சுமக்கும் காலம்

மாதவிடாய் தள்ளிப்போனதும் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுக்கு, நாம் வழமையாக 'மிட்வைப்' என்று சொல்லுபவருக்கு, அறிவியுங்கள். எட்டுக் கிழமைக்குள் பதிவது உத்தமம். மூன்று மாதம் முடியுமட்டும் யாருக்கும் சொல்லக் கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்று மறைத்து வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. அயலுக்குச் சொல்லாமல் இருங்கள். மிட்வைப்புக்குச் சொல்லாமல் இருக்க வேண்டாம். பிள்ளையின் கண் உருவாவது அந்த மூன்று மாதத்துக்குள்தான்.

கிளினிக்கில் எடுக்கும் இரத்தத்தில் சிபிலிசு என்னும் மேகநோய்க்கும் பரிசோதனை நடக்கின்றது. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. எல்லாத் தாய்மாருக்கும் செய்யப்படுவது அது. அந்நோய் தாயிடமிருந்து பிள்ளைக்குச் சென்றால் பிள்ளையின் எலும்பும் காதும் கண்ணும் கெடும். சில வேளை பல ஆண்டுகள் கழித்து, பள்ளி செல்லும் வயதில், கருவிழி மங்கிப் போகும். காலத்தோடு கண்டால் பென்சிலின் ஊசியால் தாயும் பிள்ளையும் தப்புவார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்குச் சிபிலிசும் எச்.ஐ.வி. கிருமியும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. இந்த ஒரு துளி இரத்தத்தைத் தவறாமல் கொடுத்த தாய்மாராலேயே அது முடிந்தது.

பூனையின் மலத்திலும் சரியாக வேகாத இறைச்சியிலும் உள்ள ஒரு கிருமியும் வயிற்றுப் பிள்ளையின் விழித்திரையைக் கெடுக்கவல்லது. கர்ப்பிணிகள் இறைச்சியை நன்றாக வேகவைத்து உண்ண வேண்டும். மண்ணில் வேலை செய்தபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். பூனை அசுத்தப்படுத்திய இடத்தை வேறொருவர் துப்புரவாக்கட்டும்.

இனி, தொடக்கத்திற் சொன்ன மாலைக்கண்ணுக்கு வருவோம். மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்குக் கண்ணின் விழித்திரைக்கு விற்றமின் ஏ வேண்டும். அது குறைந்தால் முதலில் மாலைப் பார்வை போகும். பின்னர் கண்ணின் வெள்ளையில் நுரை படிந்தாற்போல் திட்டுக்கள் தோன்றும். இறுதியில் கருவிழி உலர்ந்து புண்ணாகிக் கரைந்துவிடும். இந்தக் கடைசி நிலை பெரும்பாலும் வருவது சிறு பிள்ளைகளுக்கே. அதிலும் சின்னமுத்தோ வயிற்றோட்டமோ வந்து இளைத்த பிள்ளைகளுக்கு. ஒருசில நாட்களுக்குள் இரு கண்ணும் போய்விடக்கூடும்.

இந்தச் சத்துக் குறைவு கண்ணோடு நிற்பதுமில்லை. அல்பிரட் சொமர் என்ற அமெரிக்கக் கண் வைத்தியர் இந்தோனேசியாவில் மாலைக்கண் உள்ள பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார். அவர்கள் மற்றப் பிள்ளைகளிலும் பார்க்க அதிகமாக இறந்துபோவதைக் கண்டார். 1986இல் அவரது குழுவினர் வெளியிட்ட ஆய்வில், விற்றமின் ஏ கொடுத்த கிராமங்களில் சிறு பிள்ளைகளின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் ஒவ்வொரு கிழமையும் சிறிய அளவில் அதே சத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் வெளியான அந்த ஆய்வின்படி, இறப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

பிறக்கும் எந்தப் பிள்ளைக்கும் ஈரலில் விற்றமின் ஏ மிகச் சிறிதளவே சேமிப்பில் இருக்கும். மிகுதியைத் தாய்ப்பாலே கொடுக்க வேண்டும். தாயிடம் குறைவென்றால் பாலிலும் குறைவு. ஆகவே தாயின் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தால் பிள்ளையின் கண்ணைப் பற்றிப் பாதி அறிந்துகொள்ளலாம்.

அந்தக் கோப்பையில் எதை வைப்பது? நமது வாவிக்கரை வீடுகளில் இதற்குப் பஞ்சமில்லை. வேலியோரத்து முருங்கையிலை, அகத்தி, பொன்னாங்காணி, வல்லாரை. வளவிலே பழுத்த பப்பாசி, மாம்பழம், மஞ்சட் பூசணி. கோழி முட்டையின் மஞ்சட் கரு. முள்ளோடும் தலையோடும் சமைத்துச் சாப்பிடும் வாவிச் சிறுமீன். இலைக்கறியிலும் மஞ்சட் பழத்திலும் உள்ள சத்து உடலிற் சேர்வதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். முருங்கையிலைக்குத் தேங்காய்ப்பால் விட்டோ தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டியோ சமைக்கும் நமது வழக்கம் இவ்விடயத்தில் மிகச் சரியானது. கீரை குளிர், பப்பாசி சூடு, மீன் கிரந்தி என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் கர்ப்பிணியின் கோப்பையில் சோறும் சொதியும் மட்டும் மிஞ்சும் பத்தியமே பிழையானது. பிள்ளை பெற்ற தாய்க்குச் சரக்குக் கறி கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதனோடு இலைக்கறியும் மீனும் முட்டையும் கொடுங்கள்.

1973இல் தொடங்கப்பட்ட திரிபோஷா மாவும் இதற்காகவே உள்ளது. கிளினிக்கில் தாயின் பெயருக்குக் கிடைக்கும் பைக்கற்று வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்குமாக உருண்டை பிடிக்கப்பட்டு இரண்டு நாளில் முடிந்துவிடுகின்றது. மற்றப் பிள்ளைகளின் ஆசையை நாம் அறிவோம். ஆனாலும் அது வயிற்றிலுள்ள பிள்ளையின் பங்கு என்பதை அப்பா எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சத்துத்தானே என்று கடையில் விற்றமின் ஏ குளிசை வாங்கிக் கர்ப்பிணிகள் தாமாகவே விழுங்கக் கூடாது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் அது அளவுக்கு மிஞ்சினால் பிள்ளைக்கு ஊனம் உண்டாகக்கூடும். உணவிலுள்ள இலையும் பழமும் அப்படிக் கேடு செய்வதில்லை. மாலைக்கண் கண்டால் மறைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். அளவை வைத்தியர் தீர்மானிப்பார்.

மூன்றாம் படி: மாதம் நிறையாத பிள்ளை

1942இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் தியடோர் டெரி என்ற கண் வைத்தியர், மாதம் நிறையாமற் பிறந்து உயிர்தப்பிய பிள்ளைகள் சிலருக்குக் கண்ணுக்குள்ளே ஒரு வெண்திரை உண்டாகிப் பார்வை போயிருப்பதைக் கண்டார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகம் முழுவதும் ஏறக்குறையப் பத்தாயிரம் பிள்ளைகள் இப்படிப் பார்வை இழந்தார்கள். சிறந்த ஆஸ்பத்திரிகளிலேதான் இது அதிகம் நடந்தது. மெல்பேர்னைச் சேர்ந்த கேற் காம்பெல் என்ற பெண் வைத்தியர் 1951இல் ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டினார். மூச்சுத்திணறும் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுத்த ஒட்சிசனே அது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின.

விழித்திரையின் இரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வளர்ந்து, பிறக்கும் காலத்தை அண்டியே முழுமை பெறுகின்றன. ஏழாம் மாதத்தில் பிறக்கும் பிள்ளைக்கு அவை பாதி வழியில் நிற்கின்றன. அதிக ஒட்சிசன் பட்டால் வளர்ச்சி தடைப்பட்டு, சில கிழமைகளின் பின் தாறுமாறாக வளரத் தொடங்கும். ஈற்றில் அவை விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடும். அதற்காக ஒட்சிசனே கொடுக்காமல் விட்டால் பிள்ளை இறந்துபோகும். ஆகையால் இன்று அளந்து கொடுக்கின்றார்கள்.

நமது நாட்டில் மாதம் நிறையாப் பிள்ளைகள் முன்னரிலும் பார்க்க அதிகமாகத் தப்புகின்றார்கள். அதனாலேயே இந்த நோயைப் பற்றி நாமும் அறிந்திருக்க வேண்டும். இரண்டு காரியங்கள் உங்கள் கையில் உண்டு.

முதலாவது, காலத்துக்கு முன் வலி கண்டாலோ, பன்னீர்க்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரு வைத்தியர்கள் 1972இல் ஒரு வழியைக் காட்டினார்கள். மாதம் நிறையுமுன் பிரசவமாகப்போகும் தாய்க்கு ஒருவகை ஊசி மருந்தைக் கொடுத்தால், வயிற்றிலுள்ள பிள்ளையின் சுவாசப்பை விரைவில் முதிர்கின்றது. பிறந்தபின் ஒட்சிசன் தேவையும் குறைகின்றது. ஆனால் அந்த ஊசி நன்கு வேலை செய்யச் சில மணித்தியாலமாவது வேண்டும். ஒரு நாள் கிடைத்தால் மிக நல்லது. "விடியட்டும் பார்ப்போம்" என்று வீட்டிலே காத்திருந்த ஓர் இரவு, பிள்ளையின் சுவாசத்தையும் கண்ணையும் விலையாகக் கேட்கக்கூடும்.

படுவான்கரையில் இது எளிதன்று என்பது நமக்குத் தெரியும். முன்பு கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வருவோர் மண்முனைத் துறையில் 'பாதை' வரும்வரை காத்து நின்றார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. என்றாலும் மாரி வெள்ளத்தில் உள்வீதிகள் மூடுவதும், இரவில் யானை நிற்பதும் தீரவில்லை. ஆகவே ஏழாம் மாதத்திலேயே திட்டமிடுங்கள். இரவில் யாருடைய வாகனம்? பணம் எங்கே? வீட்டிலுள்ள பிள்ளைகளை யார் பார்ப்பது? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கார்த்திகை, மார்கழியில் பேறுகாலம் என்றால், களுவாஞ்சிக்குடியிலோ மட்டக்களப்பு நகரிலோ உள்ள உறவினர் வீட்டில் முன்னதாகவே வந்து தங்குவது புத்தியான காரியம்.

இரண்டாவது, மாதம் நிறையாப் பிள்ளையைப் பெற்றவர்கள் வைத்தியரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: "பிள்ளையின் விழித்திரையைப் பார்க்க வேண்டுமா? எப்போது, எங்கே?" இந்தியாவில் 34 கிழமைக்கு முன் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைந்த நிறையுள்ள பிள்ளைகளை நாலாம் கிழமைக்குள் பார்க்க வேண்டும் என்று வைத்தியர்கள் வகுத்திருக்கின்றார்கள். மிகச் சிறிய பிள்ளைகளை இன்னும் முந்திப் பார்க்கின்றார்கள். நோய் கண்டால் லேசர் ஒளியால் தடுக்கலாம். ஆனால் அதற்குள்ள அவகாசம் சில நாட்களே. வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் பிள்ளையின் கண் அழகாகவே தெரியும். நிறை கூடிவிட்டது, பால் குடிக்கின்றது, இனி என்ன என்று கண் கிளினிக்குக்குப் போகாமல் விடும் குடும்பங்களே அதிகம் இழக்கின்றன. குறித்த திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

நாலாம் படி: பிறந்த முதல் நாட்கள்

ஜேர்மனியின் லைப்சிக் நகரப் பிரசவ விடுதியில் முன்பு நூறு பிள்ளைகளுள் பத்துப்பேரளவில் கண் சீழ்ப்பிடித்து அவதிப்பட்டார்கள். பிரசவ வழியில் தாயிடமிருந்து தொற்றிய கொனோரியாக் கிருமியே காரணம். 1880ஆம் ஆண்டளவில் கார்ல் கிரேடே என்ற வைத்தியர், பிறந்தவுடன் கண்ணைத் துடைத்து வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் ஒரு துளி விட்டார். பத்தாக இருந்த தொகை ஒன்றுக்கும் குறைவாக இறங்கியது. இன்று அந்தக் கரைசலைவிட நல்ல மருந்துகள் உண்டு. நோய் உள்ள தாயைக் கர்ப்ப காலத்திலேயே குணப்படுத்தவும் முடியும்.

ஆகவே தாய்மாரே, பிறந்து ஒரு மாதத்துக்குள் பிள்ளையின் இமை வீங்கிச் சீழ் வடிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கடுமையான தொற்று, ஓரிரு நாட்களுக்குள் கருவிழியை ஓட்டையாக்கிவிடும். தாய்ப்பாலைக் கண்ணில் பீச்சுவது, நந்தியாவட்டைச் சாறு விடுவது, கண்ணுக்குள் மை தீட்டுவது எதுவும் வேண்டாம். மையில் ஈயம் கலந்திருப்பதுண்டு. தீட்டும் விரலில் கிருமி இருப்பதுமுண்டு. அழகுக்குப் பொட்டு வேண்டுமென்றால் நெற்றியில் வையுங்கள். சில பிள்ளைகளுக்குச் சீழோ சிவப்போ இன்றி, ஒரு கண்ணில் நீர் மட்டும் வடியும். கண்ணீர்க் குழாய் திறக்கத் தாமதிப்பதால் வருவது அது. பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும். ஆயினும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பிறந்த முதல் மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். மஞ்சள் நிறமாக வரும் சீம்பாலின் அந்த நிறமே கண்ணுக்கான சத்தின் அடையாளம். அதைப் பீச்சி ஊற்றிவிட்டுச் சீனித் தண்ணீரும் தேனும் நாக்கில் தடவுவது, பிள்ளைக்கு வந்த முதற் பங்கை நிலத்தில் ஊற்றுவதற்குச் சமம். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். இது நமக்குப் பெருமை; இதைக் குறையவிடலாகாது.

ஐந்தாம் படி: ஆறு கிழமையிலிருந்து ஒன்பது மாதம் வரை

பிள்ளையை வெளிச்சமுள்ள இடத்தில் மடியில் வைத்துக் கண்ணை உற்றுப் பாருங்கள். நடுவிலுள்ள கண்மணி கறுப்பாக இருக்க வேண்டும். அது வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். கையடக்கத் தொலைபேசியில் வெளிச்சம் போட்டு எடுக்கும் படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாய் மின்னினாலும் அப்படியே. அது பிறவிக் கண்புரையாக இருக்கலாம். மிக அரிதாகக் கண்ணில் வளரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். பின்னது உயிரையே கொண்டுபோகும். முந்திக் கண்டால் உயிரைக் காக்கலாம்.

"பிள்ளை கொஞ்சம் வளரட்டும், சத்திரசிகிச்சையைத் தாங்கமாட்டாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரியவர்களுக்கு வரும் புரை காத்திருக்கும். பிள்ளையின் புரை காத்திராது. பார்க்கப் பழகுவது கண் மட்டுமன்று, மூளையும்தான். முதல் மாதங்களில் கண்ணிலிருந்து செய்தி வராவிட்டால் மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டுவிடும். பின்பு எத்தனை சத்திரசிகிச்சை செய்தாலும் முழுப்பார்வை வராது. கடுமையான பிறவிப் புரையை ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்குள் எடுக்கவே கண் வைத்தியர்கள் விரும்புகின்றார்கள்.

ஆறு கிழமையளவில் பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். மூன்று மாதத்தில் அசையும் பொருளைக் கண்ணால் தொடரும். இவை இல்லாவிட்டாலும், கருவிழி வழமைக்கு மாறாகப் பெரிதாகி வெளிச்சத்துக்குக் கூசினாலும், கண் நிலையின்றி ஆடிக்கொண்டிருந்தாலும், மாறுகண் தெரிந்தாலும் காட்டுங்கள். மாறுகண் அதிர்ஷ்டம் என்பது வெறும் பேச்சு.

ஆறாம் மாதத்தில் பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தொடங்கும்போது மசித்த பூசணியும் இலைக்கறியும் மீனும் முட்டையும் சேருங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் விற்றமின் ஏ கொடுத்ததைக் குறிக்கும் கட்டங்கள் உண்டு. அவற்றை நிரப்பச் செய்யுங்கள். ஒன்பதாம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும் சின்னமுத்து, கூவைக்கட்டு, றுபெல்லா ஊசிகளைப் போடுவியுங்கள். உங்கள் மகளுக்கு இன்று போடும் ஊசி, உங்கள் பேரப்பிள்ளையின் கண்ணையும் காக்கின்றது.

வாசலுக்கு வரும் மருத்துவ மாது

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரு தாய் தனியே நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. 1926இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மருத்துவ மாது, வீடுதேடி வரவேண்டும் என்ற ஏற்பாடு அதிலிருந்து நாடெங்கும் பரவியது. 1930களில் ஓர் இலட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த இந்நாட்டில், இன்று அத்தொகை முப்பதை அண்டி நிற்கின்றது. தாயைக் காத்த அதே கைகளே பிள்ளையின் கண்ணையும் காத்தன. வெயிலில் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ ஒழுங்கையால் வரும் அந்தப் பெண்ணுக்கு ஒரு கதிரை போடுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். கேட்பதற்கு உண்மையான பதில் சொல்லுங்கள்.

தந்தையருக்கும் ஒரு வார்த்தை. கிளினிக் பெண்களின் காரியம் என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். மனைவி மாலையில் தடுமாறுவதை முதலில் காணக்கூடியவர் நீங்களே. இரவில் வாகனம் பிடிப்பவரும் நீங்களே. குறைமாதப் பிள்ளையின் கண் பரிசோதனைக்கு ஒரு நாட் கூலியை விடவேண்டி வந்தால், விடுங்கள்.

முதலிற் சொன்ன அந்த இளம் பெண் மாலையில் தடுமாறியபோது, மாமி கையைப் பிடித்து உள்ளே கூட்டிச் சென்றிருப்பார். மறுநாட் காலையில் அதே கையைப் பிடித்துக் கிளினிக்குக்கும் கூட்டிச் சென்றால், இப்பாடம் எழுதப்பட்ட நோக்கம் நிறைவேறிவிடும்.

வீட்டில் ஒன்றாக இருந்து பேசுவதற்கு:

1. நமது வீட்டில் கலியாண வயதிலுள்ள பெண்பிள்ளைகளுக்கு றுபெல்லா ஊசி போட்டதற்கான காட் எங்கே இருக்கின்றது?

2. கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் நாம் எந்தெந்த உணவை விலக்குகின்றோம்? அவற்றுள் கண்ணுக்கு வேண்டியவை எவை?

3. நடு இரவில் வலி கண்டால் எந்த வழியால், யாருடைய வாகனத்தில், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவோம்?

4. வீட்டிலுள்ள கைக்குழந்தையின் கண்மணியை நாம் வெளிச்சத்தில் பார்த்திருக்கின்றோமா? பதிவேட்டில் நிரப்பப்படாத கட்டங்கள் எவை?

5. அயலில் பார்வையில்லாத பிள்ளையோடு வாழும் குடும்பம் உண்டா? அந்தத் தாயின் மேல் பழி சொல்லும் பேச்சு நமது வீட்டிலும் எழுந்ததுண்டா?